லீப்கினோ மடத்துக்கு ஒரே ஒரு வரி

தமிழா நீங்க? ஃபோன்ல "சாப்டியா"ன்னு கேட்டீங்க பாருங்க, பின் சீட்டுல இருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. பையை மடியில வச்சுக்கங்க தம்பி, நான் இப்படி உக்காந்துக்கறேன். லீப்கினோ மடத்துக்குத்தானே? இந்த பஸ் வேற எங்கயும் போகாது. ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆகும். பயப்படாதீங்க, நான் அதிகம் பேசற ஆள் இல்ல.

கூடங்குளத்துல வேலையா? டிரெய்னிங்குக்கு ரஷ்யாவுக்கு அனுப்பிச்சாங்களா? அப்ப நம்ம பக்கம்தான். எனக்குச் சாத்தூர். பேரு கோமதிநாயகம். அதை இங்க யாருக்கும் சொல்ல வராது, நாயகத்தைப் பிடிச்சு இழுத்து நிக்கலாய்னு ஆக்கிட்டாங்க. நாப்பது வருஷமா நிக்கலாய்தான். இன்னொரு பட்டப்பேரும் உண்டு. நான் ஏறுனப்ப டிரைவரம்மா என்னமோ சொல்லிச் சிரிச்சாங்களே, கவனிச்சீங்களா? "ரெண்டாம் லீப்கின் வந்தாச்சு"ன்னு சொன்னாங்க. லீப்கின் யாருன்னா இந்த ஊரை உண்டாக்கினவன். எனக்கு அவன் பேரு. வெளிநாட்டுக்காரனுக்கு இதைவிட என்ன மரியாதை வேணும்?

என்ன, ஏதோ சொல்ல வந்தீங்களே? சரி, அப்புறம் சொல்லுங்க. முதல்ல ஊரைப் பத்திச் சொல்லிடறேன், இல்லன்னா அங்க போய் கேட்டுல ஒரு பலகை நட்டிருக்காங்க, அதைப் படிச்சுட்டு அதுதான் சரித்திரம்னு நம்பிட்டு வந்துருவீங்க. அந்தப் பலகையைப் பத்தி எனக்கு ஒரு வழக்கு இருக்கு. அதுக்கு வர்றேன்.

வருஷம் 1811. அப்ப இங்க வெறும் காடு. ஒரு மரக் கோயில், அதுல காது கேக்காத ஒரு சாமியார். நகரத்துல எர்மொலாய் லீப்கின்னு ஒருத்தன், லினன் துணிக்கு நூக்கிற நாரு வியாபாரம். வாய் ஓயாத ஆளாம். அவன் பொண்டாட்டி அக்ரஃபேனா ஒருநாள் நாலு பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு இந்தக் காட்டுக்குள்ள வந்து குடிசை போட்டு உக்காந்துட்டா. மடம் ஆரம்பிச்சது அப்படித்தான். ஆனா கல்யாணம் ஆனவங்க துறவு வாங்கணும்னா புருஷன் சம்மதம் எழுதிக் குடுக்கணும். இங்க சபைச் சட்டம் அது, அன்னைக்கும் அதான், இன்னைக்கும் அதான். லீப்கின் எழுதிக் குடுக்கல. பதினோரு வருஷம் குடுக்கல. மடத்து வாசலுக்கு நேர் எதிரே ஒரு வீடு கட்டிக் குடி வந்துட்டான். அவனுக்குச் சமைக்க ஒரு ஆள் வந்தான். குதிரைக்கு லாடம் அடிக்க ஒருத்தன் வந்தான். லாடக்காரனுக்குப் பொண்டாட்டி பிள்ளைங்க, அவங்களுக்கு ஒரு கடை, கடைக்காரனுக்கு ஒரு மச்சினன். இப்படியே நாப்பது வீடு ஆச்சு. அதுதான் லீப்கினோ.

ஊர்ப் பொம்பளைங்க என்ன சொல்வாங்கன்னா, ஒரு மனுஷனுக்குப் பொண்டாட்டியை விட்டு இருக்க முடியல, அதுல ஒரு ஊரே முளைச்சிருச்சும்பாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. சரித்திரத்துக்கு ஆகாது. நான் பழைய காகிதமெல்லாம் பாத்திருக்கேன். அந்த வருஷம் நாரு விலை ஏறுச்சு, இந்தப் பக்கமா வண்டிப் பாதை போட்டாங்க, வியாபாரி இங்க ஒரு வீடு கட்டுனான். காரணம் பொருளாதாரம். எங்க அப்பா சாத்தூர்ல கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். எதுக்கும் பொருளாதாரக் காரணத்தைத் தேடுன்னு சொல்லி வளர்த்தவர். எங்க அம்மா கோவிச்சுக்கிட்டுத் தாய் வீட்டுக்குப் போனப்பக்கூடப் பருத்தி விலைதான் காரணம்னாரு.

அந்த அப்பாதான் என்னைப் படிக்க இங்க அனுப்பிச்சாரு. உணவுத் தொழில்நுட்பம். படிச்சு முடிச்சு 86-ல லீப்கினோவுக்கு வேலைக்கு வந்தேன். என்ன வேலைங்கறீங்க? வெள்ளரிக்காய். வெள்ளரிக்காய்க்குப் பேர்போன சாத்தூர்க்காரன் நாலாயிரம் மைல் தாண்டி வந்து வெள்ளரிக்காய்கிட்டயே மாட்டுனேன். அப்ப மடம் கிடையாது பாத்துக்கங்க. 29-லயே சோவியத் அரசாங்கம் கன்னியாஸ்திரிங்களை வெளியேத்திருச்சு. பெறகு கொஞ்ச நாள் அனாதை இல்லம், கொஞ்ச நாள் தானியக் கிடங்கு. 61-ல இருந்து ஊறுகாய்த் தொழிற்சாலை. கோயில் நடுக்கூடம் இருக்குல்ல, பெரிய குவிமாடத்துக்குக் கீழ, அங்கதான் உப்புத் தண்ணித் தொட்டி. பதினாலு தொட்டி. ஆறு சதவீத உப்பு, சதகுப்பை, பூண்டு, செர்ரி இலை. சுவத்துல சுண்ணாம்பு உதிர்ந்த இடத்துல புனிதர்ங்க மூஞ்சி எட்டிப் பாக்கும். வெள்ளரிக்காயைத்தான் பாக்கறாங்களோன்னு தோணும். அங்க தலைமைத் தொழில்நுட்பர் நான். பத்து வருஷம். 96-ல மூடுற வரைக்கும்.

மூணு வருஷம் பூட்டிக் கிடந்துச்சு. 99-ல அஞ்சு கன்னியாஸ்திரிங்க வந்தாங்க. கூரை ஒழுகுது, ஜன்னலுக்குக் கண்ணாடி இல்ல, உள்ள போனா ஊறுகாய் வாசம். இப்ப முப்பத்திரண்டு பேர் இருக்காங்க. மாடு இருக்கு, ரொட்டி அடுப்பு இருக்கு. மடத்துத் தலைவி வர்வாரா அம்மா. துறவுக்கு முன்னால ரயில்வேயில டைம்டேபிள் போட்டவங்க. ஒரு வார்த்தை அதிகமா வராது.

அந்தம்மா மூணு வருஷம் முன்னால என்னைக் கூப்பிட்டு, "தொழிற்சாலைக் காலத்தைப் பத்தித் தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான். கேட்டுல ஒரு பலகை வைக்கப் போறோம். ஒரு பத்தி எழுதிக் குடுங்க"ன்னாங்க. பாத்தீங்களா, தேடி வந்து கேட்டாங்க. நான் நாலு மாசம் உக்காந்து எழுதினேன். நூத்திப் பன்னண்டு பக்கம். பலகையில இப்ப என்ன இருக்கு தெரியுமா? "1961 முதல் 1996 வரை இங்கே வேறு பணிகள் நடைபெற்றன." அவ்வளவுதான் தம்பி. வேறு பணிகள். முப்பத்தஞ்சு வருஷம், பதினாலு தொட்டி, வருஷத்துக்கு ஆறு லட்சம் பாட்டில், ஒரே வரி.

சண்டைக்குப் போனேன். அந்தம்மா உக்கார வச்சு டீ குடுத்தாங்க. "நூத்திப் பன்னண்டு பக்கத்தையும் படிச்சேன் நிக்கலாய்"ன்னாங்க. நான் குளிர்ந்து போயிட்டேன், இதுவரைக்கும் யாரும் முழுசாப் படிச்சதில்ல. "உப்புங்கற வார்த்தை முன்னூத்திப் பதினெட்டு தடவை வருது. கலீனா ஒரு தடவை வர்றாங்க. எழுபத்தி நாலாம் பக்கம், அடிக்குறிப்புல, லேபிள் ஒட்டுற பிரிவுல வேலை பாத்தவங்க பட்டியல்ல." நான் சொன்னேன், "அம்மா, சரித்திரம் எழுதறப்ப சொந்தக்காரங்களை உள்ள நுழைக்கக் கூடாது"ன்னு. சரிதானே? நடுநிலைன்னு ஒண்ணு இருக்குல்ல?

ஓ, கலீனா யாருன்னு சொல்லலையா? என் வீட்டம்மா. லீப்கினோவுலயே பொறந்தவ. லேபிள் பிரிவு. அங்கதான் பழக்கம், 86-லயே கல்யாணம். ஒரு பொண்ணு, கட்டிக்குடுத்தாச்சு, கசான்ல இருக்கா. கலீனா இப்ப மடத்துலதான் இருக்கா. ஆமா, உள்ள. ஆறு வருஷமா.

இல்ல தம்பி, அப்படிப் பாக்காதீங்க, எங்களுக்குள்ள ஒரு சண்டை கிடையாது. ஒரு கடுஞ்சொல் கிடையாது. முப்பத்து மூணு வருஷத்துல அவ என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல. எங்க பேச, அமைதியான சுபாவம். ஆலையை மூடினப்பெறகு நாங்க நகரத்துக்கு ஃபிளாட்டுக்கு வந்தோம். அவ சனி ஞாயிறுல பஸ் பிடிச்சு லீப்கினோ போயி மடத்துல கூட்டிப் பெருக்கிட்டு வருவா. வயசான காலத்துல ஏதோ பொழுதுபோக்குன்னு நானும் விட்டுட்டேன். ஒருநாள் ராச்சாப்பாடு. மடத்துக் கூரைக்கு 1847-ல இரும்புத் தகடு போட்ட விவரத்தைச் சொல்லிக்கிட்டிருந்தேன். சுவாரசியமான விஷயம், எந்த ஆலைத் தகடுங்கறதுல ஒரு குழப்பம் இருக்கு. அவ எந்திரிச்சா, தட்டைக் கழுவி வச்சா, பையை எடுத்தா. "நான் மடத்துக்குப் போறேன் நிக்கலாய்"ன்னா. நான், "போறதுதான் போற, வடக்கு மூலையில தகட்டுல முத்திரை இருக்கான்னு பாத்துட்டு வா"ன்னேன்.

ரெண்டு நாள் கழிச்சுத்தான் எனக்கு உறைச்சுச்சு. பொய் சொல்லுவானேன், நான் வீட்டுல பேசிக்கிட்டேதான் இருந்தேன். மூணாம் நாள் காலையில "டீ ஆறிப்போச்சு பாரு"ன்னு திரும்பினா யாரும் இல்ல.

ஏதோ சொல்ல வர்றீங்க, இருங்க, இதை முடிச்சிடறேன்.

காரணம் என்னன்னு நானும் ஆராய்ஞ்சு பாத்துட்டேன். பென்ஷன் பத்தல, ஃபிளாட்டுல வெந்நீர் ஒழுங்கா வர்றதில்ல, மடத்துல அந்தத் தொல்லை கிடையாது. பொருளாதாரம்தான். வேற என்ன இருக்க முடியும்?

உள்ள போனா உடனே கன்னியாஸ்திரி ஆக்கிட மாட்டாங்க. மூணு வருஷம் வேலை செஞ்சு பாக்கணும், மாடு கறக்கணும், உருளைக்கிழங்கு தோண்டணும். அவ முடிச்சுட்டா. பெறகு புருஷன் சம்மதம். வர்வாரா அம்மா ஒரு தாள் குடுத்தாங்க. "என் மனைவி கலீனா துறவு ஏற்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கையெழுத்து." இது ஒரு ஆவணம் தம்பி, நூறு வருஷம் கழிச்சு எவனாவது எடுத்துப் பாப்பான். பின்னணி இல்லாம அவனுக்கு என்ன புரியும்? அதனால முன்னுரையோட ஒன்பது பக்கம் எழுதிக் குடுத்தேன். சபை மேலிடத்து ஆபீசுல இருந்து திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டாவது தடவை நாலு பக்கம், மூணு நிபந்தனை. அதுல ஒண்ணு பலகையை மாத்தணும்னு. திரும்பி வந்துச்சு. மூணாவது தடவை ரொம்ப இறங்கி வந்து ஒரே பக்கம், பதினோரு அடிக்குறிப்பு. அதையும் திருப்பி, "ஒரு வரி போதுமானது"ன்னு சிவப்பு மையில எழுதியிருக்கான் ஒரு குமாஸ்தா. படிப்பறிவு இல்லாதவனை எல்லாம் வேலைக்கு வச்சா இப்படித்தான். மூணு வருஷம் இழுத்துருச்சு. அவங்களால கலீனா பாவம், நின்ன இடத்துலயே நிக்கறா.

அது போகட்டும். போன வருஷம் வேற ஒரு வம்பு. கோயில் தெற்குச் சுவத்துல வெயில் அடிச்சா உப்புப் பூக்கும். பக்தர்ங்க பஸ் பஸ்ஸா வந்து சுவர் அழுவுதுன்னு நெத்தியை வச்சுக் கும்பிடறாங்க, நாக்குல வைக்கறாங்க. அது என் உப்பு. 89-ல ஒன்பதாம் தொட்டி ஒழுகி சுவத்துல இறங்குனது. நான் பூசை நடுவுல எந்திரிச்சு எல்லாருக்கும் விளக்கிச் சொன்னேன். ஆறு சதவீதம்னும் சொன்னேன், பூண்டு கலந்ததுன்னும் சொன்னேன். வர்வாரா அம்மா, "அது அற்புதம்னு நாங்க ஒருநாளும் சொன்னதில்ல நிக்கலாய். அங்க உப்பு பூத்தா துடைக்கறது கலீனாதான்"னாங்க. சொல்லிட்டு என்னைக் கோயிலுக்குள்ள வரக் கூடாதுன்னுட்டாங்க. சனிக்கிழமை சனிக்கிழமை, கேட்டை ஒட்டின அறையில, பதினஞ்சு நிமிஷம் கலீனாவைப் பாக்கலாம். டைம்டேபிள் போட்ட கை, பதினாறாவது நிமிஷம் மணி அடிச்சிருவாங்க.

அதனால ஆராய்ச்சிக்கு வசதியா இருக்கட்டும்னு மடத்துக்கு எதிரே ஒரு அறை வாடகைக்கு எடுத்துருக்கேன். வாரத்துல நாலு நாள் அங்கதான். ஜன்னல் மடத்து கேட்டைப் பாத்து இருக்கு, அது தற்செயல். பக்கத்து வீட்டுக்காரரு சமைச்சுக் குடுக்கறாரு. அப்பதான் இந்த ரெண்டாம் லீப்கின் பேரு வந்துச்சு. ஊர்க்காரங்க என் உழைப்பைக் கவனிச்சிருக்காங்க.

பதினஞ்சு நிமிஷத்துல என்ன பேச முடியும் சொல்லுங்க. நான் முன்னமே குறிப்பு எழுதிக்கிட்டுப் போயி வேகமா சொல்லிடுவேன். அவ உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டே கேப்பா. போன மாசம் ஒரு சனிக்கிழமை, மணி அடிச்சப்பெறகு, எந்திரிக்கும்போது சொன்னா, "நிக்கலாய், ஒரு தடவை வந்து சும்மா உக்காந்துட்டுப் போ." எதுக்குன்னேன். "சும்மாதான்"னா.

அடுத்த சனி சும்மா உக்காந்தேன் தம்பி. சிரிக்காதீங்க, பெரிய பாடு. கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்தேன். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். காது கொய்யுங்குது. மூணாவது நிமிஷமோ என்னமோ, எங்கயோ சன்னமா ஒரு பாட்டு. வாய்க்குள்ளயே முனகற மாதிரி. வெளியில யாரோன்னு நினைச்சேன். பாத்தா கலீனா. கிழங்கு உரிச்சுக்கிட்டே பாடறா. அவளுக்கே தெரியல, அது பாட்டுக்கு வருது.

பக்கத்து வீட்டுக்காரரும் ஆலையில இருந்தவருதான். அவருகிட்ட, "கலீனா இப்பல்லாம் பாடறாய்யா, மடத்துல கத்துக்கிட்டா போல"ன்னேன். அந்த மனுஷன் என்னை ஒரு மாதிரியாப் பாத்தாரு. "என்ன பேசற நிக்கலாய்? லேபிள் பிரிவுல பகல் பூரா அவ பாட்டுத்தானே. மெஷின் நின்னா நாங்க வேணும்னே மெதுவா ரிப்பேர் பண்ணுவோம், கேக்கலாமேன்னு"ங்கறாரு. ஆலை பூரா கேட்டிருக்கு. நூத்தி எம்பது பேர். நான் மட்டும் கேட்டதில்ல. முப்பத்து மூணு வருஷம் ஒரே வீட்டுல. நூத்திப் பன்னண்டு பக்கத்துல அது இல்ல.

அந்தச் சனிக்கிழமை ஏழு நிமிஷம் தாக்குப் பிடிச்சேன். எட்டாவது நிமிஷம் கூரைத் தகட்டைப் பத்தி ஒரு விஷயம் ஞாபகம் வந்துருச்சு. நான் வாயைத் தொறந்தேன், பாட்டு நின்னுபோச்சு.

அது ஆச்சு மூணு வாரம். ரெண்டு சனிக்கிழமையா நான் போகல, ஜன்னல்லதான் நின்னேன். அவ கேட்டு வரைக்கும் வந்து பாத்துட்டுப் போனா. அந்த லீப்கின் இருக்கானே, முதல் லீப்கின், பதினோரு வருஷம் கழிச்சு எழுதிக் குடுத்துட்டான். எதனால குடுத்தான்னு எந்தக் காகிதத்துலயும் இல்ல. அந்த வருஷத்து நாரு விலையையும் பாத்துட்டேன். ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல.

அந்தா தெரியுது பாருங்க குவிமாடம், மரத்துக்கு மேல. நீலக் கலரு. பத்து நிமிஷத்துல இறங்கணும்.

தம்பி, நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே. ரெண்டு மூணு தடவை வாயெடுத்தீங்க. இப்பச் சொல்லுங்க, கேக்கறேன்.

ஜன்னலா? மேல் கண்ணாடி தொறந்திருக்கா? ஐயோ, காத்து பிடரியில நேரா அடிக்குதே. ஒண்ணரை மணி நேரமாவா இந்தக் குளிர்ல உக்காந்திருந்தீங்க? இருங்க, நான் இழுத்து மூடறேன், கொஞ்சம் இறுக்கமா இருக்கும். சொல்லியிருக்கலாமேப்பா.

எங்க சொல்ல விட்டேன். சரி.

ஒரு உதவி பண்ணணும். இந்தக் கவரை உள்ள குடுத்துருங்க. கேட்டுல கேட்டா வர்வாரா அம்மாவைக் காட்டுவாங்க. கலீனாவையும் கூப்பிடச் சொல்லுங்க, அவ முன்னால பிரிக்கட்டும். நான் வரல. நான் வந்தா பேசிருவேன், எனக்கே தெரியும். ஒட்டல, நீங்களே எடுத்துப் பாக்கலாம். ரஷ்ய மொழிதான், ஆனா ஒரு வரிதானே, நான் சொன்னேனே அதே வரி. ஆட்சேபணை இல்லைன்னு. நாப்பது வருஷமா எழுதறேன், தெரிஞ்சு எழுதின பொய் இது ஒண்ணுதான். எனக்கு ஆட்சேபணை இருக்கு தம்பி. உசிரு போற அளவுக்கு இருக்கு. இருக்கட்டும்.

நான் எதிர்ல பஸ் ஸ்டாப்புல உக்காந்திருப்பேன்னு சொல்லுங்க. இல்ல, அதுவும் வேணாம், ஒண்ணும் சொல்லாதீங்க. தாளைத் திருப்பி மட்டும் காட்டுங்க. பின்பக்கம். நீங்களும் பாருங்க, வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. ஒரு அடிக்குறிப்பு கிடையாது. ஒண்ணுமே எழுதல. அந்தப் பக்கத்தைக் கலீனாகிட்டக் காட்டுங்க.